ஏழு மலை, பன்னிரண்டு பொட்டலம்

கோயம்புத்தூரிலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் என்று பஸ் மேற்கே போகப் போக, ஜன்னலில் மலை பெரிசாகிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் ரோடு, ‘இதுக்கு மேல நம்மால ஆகாது சாமி’ என்று நின்றுவிடும். அதுதான் பூண்டி. வெள்ளியங்கிரி அடிவாரம்.

அங்கே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது தேங்காய், பழம் அல்ல. மூங்கில் தடி! ஏறும்போது, ‘இதை ஏண்டா வாங்கினோம்’ என்று தோன்றும். இறங்கும்போது அதுதான் குலதெய்வம்.

மொத்தம் ஏழு மலை. ஒரு வழி ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ‘ப்பூ, ஆறு கிலோமீட்டர்தானா?’ என்று கேட்கிறவர்கள் அந்த ஆறையும் செங்குத்தாக நிமிர்த்தி வைத்துக் கற்பனை செய்துகொள்ளவும். உச்சி சுமார் 6,000 அடி. பிப்ரவரியிலிருந்து மே வரைதான் சீசன். பெரும்பாலும் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். வெயில் கிடையாது, விடியும்போது உச்சியில் நிற்கலாம். முக்கியமாக, எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பது இருட்டில் தெரியாது.

சீசன்தோறும் ஓர் அறிவிப்பும் வரும். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் மலையேற்றத்தைத் தவிர்க்கவும் என்று. சும்மா சம்பிரதாயத்துக்கு அல்ல. 2024 சீசனில் ஏறும்போதே மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் பலர் உயிரை விட்ட செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பட்டியலில் நாலாவதாக இருப்பவன் நான்.

என்னுடைய பி.காம். ரிசல்ட்டும் பிளட் ரிசல்ட்டும் ஒரே வாரத்தில் வந்தன. முன்னது 62 சதவிகிதம். பின்னது 412. ‘ரெண்டு மார்க் ஷீட்டும் மாறி வந்திருக்கக் கூடாதா?’ என்று அப்பா ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

எனக்கு இருப்பது டைப் 1. உங்கள் ஆபீஸில் நாற்பது வயது ஹெட் கிளார்க் மாத்திரை போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காதபோது மைசூர்பாகு சாப்பிடுகிறாரே, அது டைப் 2. அவருடைய கணையம் வேலைக்கு வருகிறது. லேட்டாக வரும், அரைகுறையாகச் செய்யும், ஆனால் வருகிறது. என்னுடையது 21 வயதிலேயே வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதன் வேலையைப் பதினைந்து வருஷமாக நான்தான் பார்க்கிறேன், தினம் நாலு ஊசி போட்டு. சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது.

சர்க்கரைக்காரன் மலை ஏறலாமா என்று சொந்தக்காரர்களிடம் கேட்டால், மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கச் சொல்வார்கள். ஆனால் கெரி விங்க்ளர் என்று ஓர் ஆஸ்திரியாக்காரர் இருக்கிறார். டைப் 1. பூமியிலேயே தாழ்வான கரையான சாக்கடலிலிருந்து சைக்கிளில் கிளம்பி, 2006 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் போய் நின்றார். அதே மாதம் வில் கிராஸ் என்ற அமெரிக்கரும் ஏறினார். அவருக்கும் இன்சுலின்தான்.

எவரெஸ்ட்டெல்லாம் நமக்கு எதற்கு, கிரிக்கெட் சொல்லு என்கிறீர்களா? வாசிம் அக்ரமுக்கு 1997-ல் சர்க்கரை என்று தெரிந்தது. மனுஷர் பந்தைக் கீழே வைத்துவிடவில்லை. 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் தன் 500-வது விக்கெட்டை எடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அதே 1997-ல் இங்கிலாந்தின் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கும் சர்க்கரை வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் அவர் வாங்கியது தொடர்ச்சியாக ஐந்தாவது தங்கம்.

இவர்களெல்லாம் மன உறுதியால் சாதித்தார்கள் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. மன உறுதி எல்லா மலையேறிகளுக்கும் இருக்கிறது. இவர்களுக்குக் கூடுதலாக இருந்தது கணக்கு.

கணக்கு இதுதான். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. கணையம் நன்றாக இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் இன்சுலின் தானாகக் குறையும். எனக்கு எப்படிக் குறையும்? ஊசியில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? அது உள்ளே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். செலவு இரண்டு பக்கத்திலிருந்து. வரவு வாய் வழியாக மட்டும். பாலன்ஸ் 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வேர்க்கும், புத்தி தடுமாறும். இன்னும் கீழே போனால் நினைவு தப்பும். அப்புறம் வலிப்பு. அதற்கப்புறம் நடப்பதை மேற்படி அறிவிப்பு எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

நான் முதலில் போனது டாக்டரிடம். இ.சி.ஜி., டிரெட்மில், கண், சிறுநீரகம், பாதம் என்று எல்லாம் பார்த்தார். “ஏன் போறீங்க?” என்றார். “எல்லாரும் போறாங்க டாக்டர்” என்றேன். அதைவிட நல்ல காரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. மூன்று மாதம் மருதமலைப் படிகளில் ஏறி இறங்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முன்னால், நடுவில், பின்னால் என்று விரலைக் குத்தி நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தோம்: மலையேறும் நாளில் நீண்ட நேர இன்சுலினில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ராத்திரி சாப்பாட்டு ஊசி பாதி. (இது என் நோட்டுப்படி என் டாக்டர் போட்ட கணக்கு. காப்பியடிக்காதீர்கள். உங்கள் நோட்டை உங்கள் டாக்டரிடம் காட்டவும்.)

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இருக்கிறதே, விரலைக் குத்தவே வேண்டாமே என்பீர்கள். இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். கட்டுரைக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கிறவன் அதன் விலையைக் கேட்டாலே சர்க்கரை ஏறிவிடும். நமக்குக் குத்தும் மெஷின்தான்.

அடிவாரத்தில் பை சோதனை பலமாக இருக்கும். மலை மேல் பிளாஸ்டிக் போகக் கூடாது. நல்ல விஷயம். அதனால் குளுக்கோஸ் பாக்கெட்டையெல்லாம் வீட்டிலேயே பிரித்து, நாட்டு மருந்துக் கடை மாதிரி பேப்பரில் பதினைந்து பதினைந்து கிராமாகப் பன்னிரண்டு பொட்டலம் மடித்துக் கொடுத்திருந்தாள் மனைவி. ஒவ்வொன்றிலும் பேனாவால் நம்பர். “எத்தனை திரும்பி வருதுன்னு எண்ணுவேன்” என்று எச்சரிக்கை வேறு.

சோதனை செய்தவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளைப் பவுடர். பையில் கையை விட்டார். ஊசி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட வந்த மச்சினன் வேறு சமயம் தெரியாமல் சிரித்துத் தொலைத்தான். இன்சுலின் பேனா, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. “எங்கம்மாவுக்கும் இருக்குதுங்க. பாத்துப் போங்க” என்றவர், என் காலைப் பார்த்து, “செருப்புக் கிருப்பு இல்லாமப் போயிராதீங்க” என்றும் சொன்னார்.

அது ஒரு பெரிய விஷயம். நிறைய பேர் வெறுங்காலோடுதான் ஏறுகிறார்கள். சர்க்கரை ரொம்ப நாள் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். கல் குத்தியதே தெரியாது, புண் ஆனதும் தெரியாது. நான் இரண்டு ஜோடி சாக்ஸும் ஷூவுமாகப் போனேன். முதல் மலையில் ஒரு பெரியவர் என் ஷூவைப் பார்த்து, “ஏன் தம்பி, ஆபீஸுக்கா?” என்றார். சிரித்துவைத்தேன்.

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தோம். அப்போது 174.

முதல் மலை முழுக்கப் படிதான். படி என்றால் அளவெடுத்துக் கட்டிய படி இல்லை. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது இடுப்பு உயரம், மூன்றாவது காணவே காணோம். டார்ச் வெளிச்சமும் மூங்கில் தடிச் சத்தமும் மேலே போய்க்கொண்டே இருக்க, இதயம் காதுக்குள் வந்து அடிக்கும். வெள்ளை விநாயகர் கோயிலில் உட்கார்ந்து குத்திப் பார்த்தேன். 216! ஏறினால் குறைய வேண்டும், கூடியிருக்கிறதே? செங்குத்தாக மூச்சு வாங்க ஏறும்போது அட்ரினலின் சுரந்து, ஈரல் தன் சேமிப்பை எடுத்து ரத்தத்தில் கொட்டுகிறது. ‘அதுக்கு ஒரு ஊசி போட்டா என்ன?’ என்று கை பரபரக்கும். போடக் கூடாது. அது தற்காலிக வைப்புநிதி. ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

எடுத்துவிட்டார்கள். இரண்டாவது மலை 161. மூன்றாவது முடிவில் 112. இரண்டு கடலை மிட்டாய், ஒரு பொட்டலம். கடலை மிட்டாய் மெதுவாக ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும். பொடி உடனே ஏறும், உடனே தீரும். ஒன்று சம்பளம், மற்றது கைமாற்று. இரண்டுமே வேண்டும்.

நாலாவது மலையில் குளிர் ஆரம்பித்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. மெஷினைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ரொம்பக் குளிர்ந்துபோனால் அது சரியாகக் காட்டாது. இன்சுலின் பேனாவும் அங்கேதான். இமயமலையில் ஏறுகிறவர்கள் அதை உடம்போடு ஒட்டித்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை உறைந்துவிட்டால் மருந்து அவ்வளவுதான், உருகினாலும் பிரயோஜனமில்லை. நமக்கு அந்த அளவுக்கு இல்லையென்றாலும், பல் தந்தியடித்தது.

ஐந்தாவது மலையில், பீமன் களி உருண்டை என்று ஒரு பெரிய பாறை உண்டு. வனவாசத்தில் பீமன் தின்ன எடுத்துவைத்த களியாம். (கேழ்வரகுக் களி சர்க்கரைக்கு நல்லதா என்று அதைப் பார்த்தும் ஒருவர் கேட்டார்!) அந்தப் பக்கம் ஐந்து பையன்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள். அடிவாரத்திலிருந்தே எங்களுக்கு முன்னால் பாட்டும் கூத்துமாகப் போனவர்கள்தான். அதில் ஒருவனைத்தான் மற்ற நாலு பேரும் ‘மாப்ளே, மாப்ளே’ என்று ஓட்டிக்கொண்டே வந்தார்கள். இப்போது அந்த மாப்பிள்ளை பாறையில் சாய்ந்து கிடந்தான்.

“டயர்டுங்ண்ணா. பேச மாட்டேங்கறான். போர்வை போத்தி இங்கயே தூங்க வச்சிட்டு, நாங்க மேல போய்ட்டு வந்தர்றோம்” என்றான் நீலச் சட்டை போட்ட பையன்.

எல்லோரும் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறோம். இவன் சட்டை மட்டும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. டார்ச் அடித்தேன். கண் என்னைப் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டால் ஏதோ கம்பெனி ஷிப்ட் கணக்கு சொன்னான். அந்த முகம் எனக்குத் தெரியும். நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

யாரையும் கேட்காமல் அவன் விரலைப் பிடித்துக் குத்தினேன். 48.

தூங்க வைத்துவிட்டுப் போயிருந்தால்... வேண்டாம்.

விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். (நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி அதுவே ஆபத்தாகிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஐந்தாவது மலையில் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது?) விழுங்கினான். ஒரு பொட்டலம் கரைத்துக் கொடுத்தேன். ஒருத்தன் பையிலிருந்து சாக்லெட்டை எடுத்தான். “இப்ப வேண்டாம், அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரையை மெதுவா விடும்” என்றேன். பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அது எவ்வளவு நீளமான பதினைந்து நிமிஷம் என்று அந்த நாலு பேரையும் கேட்டால் சொல்வார்கள். 59. இன்னொரு பொட்டலம். மறுபடி பதினைந்து. 87.

கண்ணில் ஆள் வந்துவிட்டான். சுற்றும் முற்றும் பார்த்தான். என் கையிலிருந்த மெஷினைப் பார்த்தான். சட்டென்று குரலை இறக்கி, “அண்ணா... இவனுங்களுக்குத் தெரியாதுங்ண்ணா” என்றான்.

“எத்தனை வருஷமா?”

“ரெண்டு வருஷமாச்சுங்ண்ணா. பாத்ரூம்ல போய்த்தான் ஊசி போடுவேன். இன்னிக்கும் எப்பவும் போட்டுக்கற அளவுதானுங்...”

“மெஷின்?”

“ரூம்லயே வச்சிட்டு வந்துட்டேன். பாத்தா கேப்பானுங்கல்ல?” கொஞ்சம் நிறுத்தி, “அந்த நீலச் சட்டை... பொண்ணோட அண்ணனுங்ண்ணா. ஆவணில கல்யாணம்” என்றான்.

நீலச் சட்டை இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். காற்று எங்கள் பக்கமிருந்து அவன் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு மலை பாக்கி. ஆறாவதில் ஆண்டி சுனை. அதில் குளித்துவிட்டு ஏழாவது ஏறுவார்கள். என் உடம்பு அப்போது 126-ல் திவ்யமாக இருந்தது. மூன்று மாதம் மருதமலைப் படியைத் தேய்த்தது இதற்குத்தான். பொட்டலம் எட்டு பாக்கி. ஆனால் மெஷின் ஒன்று, ஆள் இரண்டு. ராத்திரி போட்ட முழு ஊசி அவனுக்குள் இன்னும் தீரவில்லை. இன்னொரு தடவை இறங்கினாலும் இறங்கும். அவனை மேலே கூட்டிக்கொண்டு போகவும் முடியாது, மெஷின் இல்லாமல் கீழே அனுப்பவும் முடியாது. மெஷினை அவனிடம் கொடுத்துவிட்டு நான் மேலே போகலாமா என்றால், அப்புறம் நான்தான் பாறையில் சாய வேண்டியிருக்கும்.

எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஒரே விடை. எனக்கு அந்த விடை கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே பார்த்தால் டார்ச் விளக்குகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. விடிவதற்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை.

“நீ போய்ட்டு வா” என்றேன் மச்சினனிடம்.

“மாமா, நீங்க இல்லாம...”

“உங்கக்கா எண்ணுவா. நாலு பொட்டலம் எங்க போச்சுன்னு கேட்டா ஒரு சாட்சி வேணும். போட்டோ எடுத்துட்டு வா.”

மூன்று பையன்கள் அவனோடு ஏறினார்கள். நீலச் சட்டை மட்டும், “நானும் கீழ வர்றேங்க” என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

இறக்கம் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முட்டி கழன்றுவிடும். அதோடு, பல மணி நேரம் உழைத்த தசை இறங்கும்போதும் சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும்கூட. தன் சேமிப்பைத் திரும்ப நிரப்பிக்கொள்கிறதாம். சில பேருக்கு மறுநாள் வரை நீளும். அதனால்தான் மலையேறிய ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். அரை மணிக்கு ஒரு தரம் உட்கார்ந்தோம். அவனுக்கு ஒரு குத்து, ஊசியை மாற்றி எனக்கு ஒரு குத்து. 94, 131. அப்புறம் 76, 108. அவனுக்கு ஒரு பொட்டலம், கடலை மிட்டாய். அப்புறம் 102, 97. எனக்கு ஒரு பொட்டலம். நம்பர்களை நீலச் சட்டை எட்டிப் பார்த்துக்கொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இரண்டாவது மலையில் வழுக்கும் இடம் வந்தபோது முன்னால் இறங்கி நின்று, தன் தடியை நீட்டிப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தான். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

“வீட்ல சொல்லிருவானாண்ணா?” என்று இவன் என் காதில் கேட்டான்.

“நீ சொல்றதுக்கு முந்தி சொன்னாத்தான் தப்பு. இன்னிக்குச் சாயங்காலமே பொண்ணுகிட்ட நீயே பேசிடு” என்றேன். எனக்குக் கல்யாணம் பேசும்போது பெண் வீட்டில் நானேதான் சொன்னேன். மாமனார் இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, “அப்ப கேசரி வேண்டாம், பஜ்ஜி கொண்டு வா” என்று உள்ளே குரல் கொடுத்தார். எல்லோருக்கும் அப்படி மாமனார் அமையாது. அதையும் அவனிடம் சொன்னேன்.

அடிவாரம் வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. டீக்கடை பெஞ்சில் சரிந்தோம். ஷூவைக் கழற்றிப் பாதத்தை விரல் விரலாகப் பார்த்தேன். சின்னக் கொப்புளம்கூட இல்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டு தடியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

நீலச் சட்டை கடைக்காரரிடம் போனான். ஐந்து மணி நேரத்தில் முதல் தடவையாக உரக்கப் பேசினான்.

“மூணு டீங்ண்ணா. மாப்பிள்ளைக்கு மட்டும் சக்கரை இல்லாம!”

கோடு நின்றது.

நான் மெஷினைப் பார்த்தேன். 81.

“இல்லீங்க, இன்னிக்கு அவருக்குப் போட்டே குடுங்க” என்றேன். “ரெண்டு ஸ்பூன்.”